ஆடுகளமும் அடுக்களையும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியை அடையுமுன் வழிப்போக்கரின் கண்ணைக் கவர்ந்து நிற்பது தியாகதுருகத்து மலைக்கோட்டை. 1790 ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுத் தாக்கியது. ஆயினும் அதனைக் கைப்பற்ற இயலவில்லை. பகைவரால் எளிதில் கொள்ள முடியாததாய் இருத்தலோடு, உள்ளிருப்பவர்க்கு வேண்டிய உணவு நிறைந்ததாயும் இருத்தல் அரணுக்கு இலக்கணம் என்று வள்ளுவர் கண்டார். மதில் எவ்வளவு உயரமாயினும் நெற்குதிர் வெறுமையானால் கோட்டை வீழ்தல் உறுதி. மனித உடம்பும் இத்தகைய ஓர் அரணே. பயிற்சி அதன் மதில். உணவு அதன் குதிர். இவ்வுண்மையைத் தெளிவாக உணர்தற்கு உரிய இடங்களுள் ஒன்று காற்பந்தாட்டக் களம்.

காற்பந்தாட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் இன்று பெற்றுள்ள சிறப்புப் பெரிது. 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடைபெற்ற தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில், பலமுறை வாகை சூடிய மணிப்பூர் அணியை 2-1 என்னும் கணக்கில் வென்று தமிழ்நாட்டு மகளிர் அணி வெற்றிக் கோப்பையைப் பெற்றது. மீண்டும் 2023 சூனில் அமிர்தசரசில் அரியானா அணியை அதே கணக்கில் வென்றது. மதுரையைச் சேர்ந்த சேது காற்பந்துக் கழகம் 2019 இல் இந்திய மகளிர் கூட்டிணைப் போட்டியின் வாகையைச் சூடியது. இந்திய அணியில் ஆடிப் புகழ்பெற்ற இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர்; தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பகுதியைச் சேர்ந்தவர். கடலூரும் பண்ருட்டியும் தியாகதுருகமும் ஒரு காலத்தில் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர்கள். ஆகவே இவ்வெற்றி எங்கோ தொலைவிலுள்ளார் பெற்ற வெற்றியன்று. அண்டை வீட்டார் பெற்ற வெற்றியே ஆகும்.

இத்தகைய வீராங்கனையரைக் கண்டு காலையும் மாலையும் பந்தாடும் சிறுமியர் இன்று பல ஊர்களிலும் உளர். அவர்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுகின்றது. கடைகளில் பெரிய புட்டிகளில் அடைத்து விற்கப்படும் புரதப் பொடிகளும், வலிமை தரும் என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளும் இன்றிச் சிறந்த ஆட்டக்காரியாதல் இயலுமா என்பதே அவ்வையம். அப்பொருள்களின் விலையோ ஏழைக் குடும்பத்தாரால் எட்ட முடியாதது. விலை கொடுக்க இயலாமையால் தன் திறமையே வீணாகிவிடும் என்று ஒரு சிறுமி கருதுவாளாயின், அஃது அவளுக்கு மட்டுமன்றி நாட்டிற்கும் இழப்பாகும். எனவே இப்பொருளைச் சற்று ஆராய்ந்து அறிதல் வேண்டும்.

முதலில், ஆட்டம் உடம்பிடமிருந்து எதனை வேண்டுகின்றது என்று காண்போம். முழு ஆட்டம் 90 நிமிடம் நீடிக்கும். உயர்ந்த நிலைப் போட்டிகளில் ஆடும் பெண் ஒருத்தி அந்நேரத்திற்குள் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு ஓடுகின்றாள். இத்தொலைவை அவள் ஒரே சீராக ஓடுவதில்லை. நடப்பதும், மெல்ல ஓடுவதும், திடீரெனப் பாய்வதும், நிற்பதும், திரும்புவதும், எழும்பிக் குதிப்பதும் மாறி மாறி நிகழ்கின்றன. மெல்ல ஓடும்போது தசைகள் உயிர்வளியின் துணையால் மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரித்து ஆற்றல் பெறுகின்றன. திடீரெனப் பாயும் சில நொடிகளில் அவ்வாறு எரித்தற்குப் போதிய காலம் இல்லை. அப்போது தசைக்குள் முன்னரே சேமித்து வைக்கப்பட்ட கிரியாட்டின் பாஸ்பேட்டு என்னும் பொருள் உடனடி ஆற்றலைத் தருகின்றது. அதனுடன், கிளைகோஜன் என்னும் வடிவில் தசையில் தங்கியுள்ள மாவுச்சத்தும் விரைந்து செலவாகின்றது. ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் கால்கள் கனத்துப் போவதற்குக் கிளைகோஜன் குறைவுபடுதல் ஒரு முதன்மையான காரணம்.

இதனால் ஆட்டக்காரர்க்கு முதற்கண் வேண்டுவது மாவுச்சத்து என்பது விளங்கும். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் கூட்டிய வல்லுநர் குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கை, போட்டிக்கு முந்திய நாளிலும் போட்டி நாளிலும், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 முதல் 8 கிராம் வரை மாவுச்சத்து உண்ணுமாறு உயர்நிலை ஆட்டக்காரர்க்கு அறிவுறுத்துகின்றது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இஃது 300 முதல் 400 கிராம் ஆகும். ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் அரிசியில் இவ்வளவு மாவுச்சத்து அடங்கியுள்ளது. ஆக, வேண்டிய பொருள் கடையிலுள்ள புட்டியில் இல்லை. சோற்றுப் பானையிலேயே உள்ளது. இட்டலியும் சோறும் வாழைப்பழமும் இப்பணியைச் செவ்வனே செய்யும். கல்வராயன் மலையில் விளையும் சாமையும் தினையும் அவ்வாறே செய்யும்.

அடுத்துப் புரதத்தைக் காண்போம். பயிற்சியினால் தேய்வுறும் தசைகளைப் பழுது பார்த்து வளர்ப்பது புரதம். அதே அறிக்கை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கின்றது. நாள்தோறும் கடும்பயிற்சி செய்யும் 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது குறைந்தது 80 கிராம் ஆகும். இத்தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் நீங்கும். 400 கிராம் அரிசியில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம். இரண்டு முட்டைகளில் 12 கிராம். 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராம். 300 மில்லிலிட்டர் பாலில் 9 கிராம். கூட்டினால் 85 கிராம் ஆகின்றது. பள்ளிச் சத்துணவில் வழங்கப்படும் முட்டையும் இக்கணக்கில் சேரும். புரதப் பொடி என்பது பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்தெடுத்து உலர்த்திய புரதமேயன்றி, வேறு மந்திரப் பொருள் அன்று. உணவு சமைக்க நேரமில்லாத இடத்தில் அஃது ஓரளவு உதவலாம். உணவினால் கிட்டாத புதுவலிமை எதனையும் அது தந்துவிடாது.

அவ்வாறாயின் கூடுதல் ஊட்டப்பொருள்கள் அனைத்தும் பயனற்றவையோ எனின், அவ்வாறு கூறுதலும் உண்மையாகாது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2018 இல் இப்பொருள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சந்தையில் எண்ணற்ற பொருள்கள் விற்கப்படினும், ஆட்டத்திறனை நேரே மிகுவிப்பதற்கு நல்ல சான்று உள்ளவை மிகச் சிலவே என்று அது கூறிற்று. அவை காஃபின், கிரியாட்டின், நைட்ரேட்டு, பீட்டா அலனின், சமையற் சோடா ஆகிய ஐந்தாம்.

இவற்றுள் காஃபின் காப்பியிலும் தேநீரிலும் இயற்கையாகவே உள்ளது. அது சோர்வுணர்ச்சியைக் குறைக்கின்றது. கிரியாட்டின் நம் உடம்பிலேயே தோன்றுவது. இறைச்சியிலும் மீனிலும் உண்டு. நாளும் 3 முதல் 5 கிராம் வரை உட்கொள்ளும் வளர்ந்தோர்க்குத் திரும்பத் திரும்பப் பாயும் ஆற்றல் சிறிது மிகுகின்றது; தசையில் நீர் தங்குவதால் உடல் எடையும் சற்றுக் கூடுகின்றது. நைட்ரேட்டு பீட்ரூட்டிலும் கீரை வகைகளிலும் மிகுதி. உடம்பினுள் அது மாற்றமடைந்து இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கின்றது. ஆயினும் இவை தரும் பயன் மிகச் சிறிய அளவினது. நன்கு உண்டு, நன்கு உறங்கி, பல்லாண்டு பயின்று, திறமையின் உச்சியை எட்டியவர்க்கே அச்சிறு பயன் பொருட்டாகும். அடித்தளம் இடாத வீட்டுக்கு மாடத்தில் வண்ணம் பூசுவதால் பயன் என்ன? வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியர் இவற்றைத் தாமாக உட்கொள்ளுதல் தகாது. மிகுந்த காஃபின் உறக்கத்தைக் கெடுக்கும். நெஞ்சு படபடப்பையும் உண்டாக்கும். பயிற்சியின் பயனை உடம்பு ஏற்றுக்கொள்ளும் நேரம் உறக்க நேரமே ஆதலின், உறக்கத்தைக் கெடுப்பது பயிற்சியையே கெடுப்பதாகும்.

ஒரு பொருள் உண்மையிலேயே பயன் தருகின்றதா என்பதை அறிவியலார் எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதும் அறியத்தக்கது. ஆட்டக்காரர்களை இரு குழுவினராகப் பிரிப்பர். ஒரு குழுவுக்கு ஆராய வேண்டிய பொருளையும், மற்றதற்கு அதே நிறமும் சுவையும் உடைய வெறும் பொடியையும் கொடுப்பர். எவர்க்கு எது தரப்பட்டது என்பதை உண்பவரும் அறியார், கொடுப்பவரும் அறியார். பின்னர் இரு குழுவினரின் ஓட்டத்தையும் அளந்து ஒப்பிடுவர். வலிமை தரும் பொருளை உண்டோம் என்னும் நம்பிக்கையே சிறிது வலிமையைத் தந்துவிடும் ஆதலின், அந்நம்பிக்கையின் பயனையும் பொருளின் பயனையும் பிரித்தறிய இம்முறை வேண்டப்படுகின்றது. "இதனை உண்டேன், வென்றேன்" என்று விளம்பரத்தில் ஒருவர் கூறுவது இத்தகைய சான்று ஆகாது.

இவ்வாய்வுகளில் ஒரு குறையும் உண்டு. விளையாட்டு ஊட்டம் பற்றிய ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை ஆடவரைக் கொண்டே நடத்தப்பட்டவை. இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1921 திசம்பர் 5 ஆம் நாள் ஆங்கிலக் காற்பந்துச் சங்கம், தன்னைச் சார்ந்த கழகங்களின் மைதானங்களில் பெண்கள் பந்தாட இடம் தரலாகாது என்று தடை விதித்தது. அதற்கு முந்திய ஆண்டில் லிவர்பூல் நகரில் நடந்த பெண்கள் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டிருந்தனர். அவ்வளவு ஆர்வம் இருந்தும் அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நீடித்தது. பன்னாட்டுக் காற்பந்துச் சங்கத்தின் முதல் மகளிர் உலகக் கோப்பைப் போட்டி 1991 இல்தான் சீனத்தில் நடைபெற்றது. ஆடுவதற்கே இடம் மறுக்கப்பட்டவரின் உணவைப் பற்றி ஆராய்வார் யார்? ஆகவே ஆடவர்க்குப் பொருந்துவது அனைத்தும் அதே அளவில் பெண்டிர்க்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் கூடாது.

பெண்டிர்க்குச் சிறப்பாக வேண்டப்படுவது இரும்புச்சத்து. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே நுரையீரலிலிருந்து உயிர்வளியைத் தசைகளுக்குச் சுமந்து செல்கின்றது. அதனை ஆக்குதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. 12 வயதுக்கு மேற்பட்ட சிறுமியர்க்கு இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அதனை இரத்தசோகை என்பர். மாதவிடாயின் போது வெளியேறும் இரத்தத்தோடு இரும்புச்சத்தும் வெளியேறுவதால், பெண்களுக்கு இக்குறை எளிதில் உண்டாகின்றது. கடும்பயிற்சியும் அக்குறையை மிகுவிக்கும். 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். சிறிது ஓடியதும் மூச்சு வாங்குதல், தலை சுற்றுதல், படிப்பில் மனம் நிலைக்காமை ஆகியவை அதன் அறிகுறிகள். இதனைச் சோம்பல் என்று கருதி வைதல் பேதைமை.

இக்குறையைத் தீர்க்கும் ஊட்டப்பொருள் கடையில் விலைக்கு வாங்க வேண்டியதன்று. அரசு பள்ளிகளில் வாரந்தோறும் இலவசமாக வழங்கப்படும் சிறிய நீல மாத்திரையே அது. 2018 இல் தொடங்கப்பட்ட இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. வயிற்றுப் புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சுவதால் குடற்புழு நீக்கும் மாத்திரையும் வழங்கப்படுகின்றது. நீல மாத்திரை சிலர்க்குச் சிறிது குமட்டலை உண்டாக்கும், மலம் கருநிறமாகும். இவற்றைக் கண்டு அஞ்சி, ஆசிரியர் அறியாமல் மாத்திரையை எறிந்துவிடுவோரும் உளர். உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும், கருநிறம் தீங்கற்றது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து இரும்புச்சத்தை உடம்பு ஏற்க உதவும்; உணவோடு அருந்தும் தேநீரும் காப்பியும் அதனைத் தடுக்கும். கம்பும் கீரையும் பயறும், இறைச்சி உண்பவர்க்கு ஈரலும், இச்சத்தைத் தருவன. ஆயினும் அளவுக்கு மிஞ்சிய இரும்புச்சத்தும் நஞ்சே ஆதலின், மருத்துவர் கூறாமல் கூடுதல் மாத்திரைகளை உண்ணலாகாது.

உணவைக் குறைத்து உடலை மெலியச் செய்தால் வேகமாக ஓடலாம் என்பது மற்றொரு தவறான எண்ணம். செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத பெண்ணின் உடம்பு, உயிர் வாழ்வதற்கு உடனடியாக வேண்டாத பணிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளும். மாதவிடாய் தவறும், எலும்புகள் வலிமை குன்றி எளிதில் முறியும். விளையாட்டில் ஏற்படும் ஆற்றற் குறைபாடு என்று இந்நிலைக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 இல் பெயரிட்டு விளக்கியது. பயிற்சி மிகுந்தால் மாதவிடாய் நிற்பது இயல்பே என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. தாயிடமும் மருத்துவரிடமும் கூசாமல் கூறுதல் வேண்டும். எலும்பை உறுதிப்படுத்தும் சுண்ணாம்புச்சத்து கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. தானியங்களுள் இது தலைசிறந்த அளவாகும்.

வெப்பம் மிகுந்த நம் நாட்டில் நீரின் இன்றியமையாமையும் பெரிது. வியர்வையால் உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் குறைந்தால் ஆட்டத்திறன் தளர்கின்றது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இஃது ஒரு கிலோ ஆகும். ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பது புலனாகும். உப்பிட்ட மோரும் நீராகாரமும் இளநீரும் அவ்விழப்பை ஈடுசெய்யும்.

இனி, புட்டிகளில் மறைந்துள்ள பெரியதோர் இடரைக் கூறுதல் வேண்டும். 2000, 2001 ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கப்பட்ட 634 ஊட்டப்பொருள்களை செருமானிய ஆய்வாளர் சோதித்தனர். அவற்றுள் 94 பொருள்களில், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கில், மேற்சீட்டில் குறிப்பிடப்படாத தடை மருந்துகள் கலந்திருக்கக் கண்டனர். 1999 இல் நிறுவப்பட்ட உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, ஒருவரின் உடம்பில் தடை மருந்து காணப்படின் அதற்கு அவரே பொறுப்பாளர். அறியாமல் உண்டேன் என்று கூறினும் பழியினின்று முற்றும் நீங்குதல் அரிது. இந்தியாவிலும் இதற்கென 2022 இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்விதியின் கடுமையைத் தமிழகம் நன்கறியும். 2019 இல் தோகா நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தில் தமிழகத்து வீராங்கனை ஒருவர் பொற்பதக்கம் பெற்றார். எளிய குடும்பத்திற் பிறந்து அரும்பாடுபட்டு உயர்ந்த அவரை நாடே போற்றியது. பின்னர் அவர் உடம்பில் தடை மருந்தின் கூறு காணப்பட்டதாகச் சோதனை கூறிற்று. அத்தகைய மருந்தைத் தாம் உட்கொண்டதே இல்லை என்று அவர் மறுத்தார். எனினும் 2020 இல் பதக்கம் பறிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் களம் இறங்கலாகாது என்னும் தடையும் விதிக்கப்பட்டது. அம்மருந்து அவர் உடம்பில் எவ்வழியாகப் புகுந்ததாயினும், பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரு தீர்ப்பில் அழிந்தது. உள்ளே இருப்பது யாதென அறியாத பொடியை வாயிலிடுவோர் எத்தகைய பொருளைப் பணயமாக வைக்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

2025 சூலையில் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026 ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைப் போட்டியில் ஆடும் தகுதியைப் பெற்றது. தகுதிப் போட்டியில் ஆடி வென்று இத்தகுதியை இந்தியப் பெண்கள் பெற்றது அதுவே முதன்முறை. அத்தகைய அணியில் நாளை இடம்பெறக் கூடியவள், இன்று கல்வராயன் மலைச்சாரலிலோ தியாகதுருகத்துத் தெருவிலோ பந்தை உதைத்துக் கொண்டிருக்கலாம். அவளுக்கு வேண்டுபவை வயிறார உணவு, வாரத்திற்கொரு நீல மாத்திரை, நல்ல உறக்கம், முறையான பயிற்சி, மருத்துவரின் அறிவுரை ஆகியவையே. ஆண்பிள்ளைக்கு முட்டையும் பெண்பிள்ளைக்கு மிச்சமும் என்னும் வழக்கம் ஒரு வீட்டில் இருக்குமாயின், அதனை ஒழிப்பது எந்தப் புரதப் பொடியையும்விட மிகுந்த வலிமையைத் தரும். மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை அளவறிந்து உண்ணும் நெறியைக் கூறவே வள்ளுவர் பயன்படுத்தினார். உணவை அறிந்து உண்பார்க்கு வலிமை வேறோரிடத்தில் தேட வேண்டிய பொருளன்று.